வேபர் சகோதரர்களின் நடக்கும் எலும்புக்கூடுகள்: 17 பிளேட்டுகள் எதற்கு உதவும், எங்கே ஏமாற்றும்

மனித நடையைப் படிக்கிறவர்களுக்குப் பழைய எலும்புக்கூட்டுப் படங்களில் ஒன்றை மட்டும் பரிந்துரைக்கச் சொன்னால், 1836-இல் கோட்டிங்கனில் வெளிவந்த வேபர் சகோதரர்களின் படத்தொகுதியைத்தான் சொல்வோம். இயற்பியலாளர் வில்ஹெல்ம் வேபரும் உடற்கூறியலாளர் எடுவார்ட் வேபரும் சேர்ந்து எழுதிய ‘மனித நடைக் கருவிகளின் இயக்கவியல்’ என்ற ஜெர்மன் நூலுடன் வந்தவை அந்த 17 பிளேட்டுகள், அதாவது தனித்தாளில் அச்சிட்ட படங்கள். இன்று மின் நூலகங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிசியோதெரபி மாணவர், அனிமேஷன் செய்பவர், உருவ ஓவியம் பயில்பவர் ஆகிய மூவருக்கும் இவற்றால் பயன் உண்டு. ஆனால் படத்தை அப்படியே நம்பி வரைந்தால் மூவருமே ஒரே இடத்தில் தவறுவார்கள். அந்த இடம் எது, ஏன் அங்கே தவறு நேர்ந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் இதைவிட நல்ல பாடப்பொருள் கிடைப்பது அரிது.

இதற்கு முந்தைய புகழ்பெற்ற எலும்புக்கூடுகள் பெரும்பாலும் நிற்கின்றன. 1543-இல் உடற்கூறியலாளர் வெசாலியஸ் வெளியிட்டவை மண்வெட்டியில் சாய்ந்தும், கல்மேடையில் கையூன்றி மண்டையோட்டை நோக்கியும் நிற்கின்றன. 1747-இல் இன்னோர் உடற்கூறியலாளர் அல்பினஸ் வெளியிட்டவையும் அழகாக நிற்கின்றன. வேபர்கள்தான் ஒரே எலும்புக்கூட்டை அடுத்தடுத்த கணங்களில் வரைந்து வரிசையாக வைத்தார்கள். அந்த நிலைகளைக் கண்ணால் பார்த்து வரையவில்லை. அப்போது வேகமாக நகரும் காலை நிறுத்திப் பார்க்கக் கேமரா கிடையாது. கால்களின் நீளம், அடியின் நீளம், அடிக்கு ஆகும் நேரம் ஆகியவற்றை அளந்து, சமன்பாடு போட்டு, மூட்டு எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு வரைந்தார்கள். தொகுதியின் பலமும் பலவீனமும் இந்த ஒரு முடிவிலிருந்தே வருகின்றன.

நடை வரிசையில் ஓர் அடிக்கு 14 நிலைகள். (இந்த மதிப்புரையில் ஓர் அடி என்றால் ஒரு குதிகால் தரையில் படுவதிலிருந்து மறு குதிகால் படுவது வரை. அதே குதிகால் மீண்டும் படும்வரை போனால் ஒரு முழுச் சுற்று.) 1 முதல் 3 வரை, வீசுகால் (காற்றில் இருக்கும் கால்) ஊன்றுகாலை (தரையில் ஊன்றிய காலை) தாண்டி முன்னே போய்விட்ட நிலைகள். 4 முதல் 7 வரை இரண்டு கால்களும் தரையில். 8 முதல் 11 வரை பின்கால் தரையைவிட்டு எழுந்துவிட்டது, ஆனால் இன்னும் ஊன்றுகாலுக்குப் பின்னேதான் இருக்கிறது. 12 முதல் 14 வரை அது ஊன்றுகாலைக் கடக்கிறது. அதன் பிறகு மீண்டும் 1. இந்த நான்கு குழுக்களையும் பென்சிலால் பிரித்துக் கோடு போட்டு வைத்துக்கொண்டால்தான் பிளேட் புரியத் தொடங்கும். பிரிக்காமல் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்றாக எலும்புகள் பின்னிக் கிடப்பதாகத்தான் தோன்றும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. படங்களின் எண்ணிக்கையை நேரத்தின் பங்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. இரு கால்களும் ஊன்றியிருக்கும் படங்கள் 14-இல் 4, அதாவது சுமார் 29 சதவீதம். இயல்பான வேகத்தில் நடப்பவரை அளந்தால் இரு கால் ஊன்றும் நேரம் ஓர் அடியில் ஏறத்தாழ 20 சதவீதம்தான். மெதுவாக நடந்தால் அது கூடும், வேகமாக நடந்தால் குறையும், ஓட்டத்தில் அறவே இல்லாமல் போகும். ஆகவே 14 படங்களையும் சம இடைவெளியில் ஓடவிட்டால் தயங்கித் தயங்கி நடக்கும் உருவம் வரும். 4 முதல் 7 வரையுள்ளவற்றில் ஒன்றை எடுத்துவிட்டால் பங்கு 13-க்கு 3, அதாவது 23 சதவீதம். அது கண்ணுக்கு உறுத்தாது.

ஓடவிடுவது என்றதும், இந்த வரிசையை அசைத்துப் பார்க்காமல் படிப்பது பாதிப் படிப்பே. பெல்ஜியத்தின் ஜோசஃப் பிளத்தோவும் வியன்னாவின் சைமன் ஷ்டாம்ஃபரும் தனித்தனியே சுழல்தட்டுக் கருவியை (சுழலும் தட்டிலுள்ள படங்களைப் பிளவு வழியே பார்த்தால் அவை அசைவதாகத் தோன்றும்) உருவாக்கியது 1832-இல். வேபர் நூல் வந்தது அதற்கு நான்கே ஆண்டுகள் கழித்து. இன்று கணினியிலேயே செய்துவிடலாம். ஒவ்வொரு நிலையையும் தனி லேயராக வெட்டி எடுங்கள். எதை வைத்து லேயர்களைப் பொருத்துகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடுப்பு மூட்டை ஒரே புள்ளியில் வைத்துப் பொருத்தினால் உடல் ஏறி இறங்குவது காணாமல் போய், பாதம் பனியில் சறுக்குவதுபோல் வழுக்கும். ஊன்றுகாலின் உள்ளங்காலைத் தரைக்கோட்டில் பூட்டிவையுங்கள். அப்போது இடுப்பு தானாகவே வளைவாக நகரும். ஊன்றுகால் நேராக நிற்கும்போது உயரம், இரு கால்களும் விரிந்திருக்கும்போது தாழ்வு. இயல்பு நடையில் உடலின் புவிஈர்ப்பு மையம் ஏறி இறங்குவது மொத்தம் 4 முதல் 5 சென்டிமீட்டர். உருவத்தின் உயரத்தை 170 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு உங்கள் படத்தில் அது எவ்வளவு வருகிறது என்று அளந்து பாருங்கள். 8, 9 சென்டிமீட்டர் வந்தால் தரைக்கோடு சாய்ந்திருக்கிறது, அல்லது ஸ்கேன் கோணலாக இருக்கிறது.

அடுத்த சிக்கல் வரிசை முடியும் இடத்தில் வரும். 14-ஆம் நிலை முடிந்து 1-க்குத் திரும்பும்போது கால்கள் இடம் மாறிவிடுகின்றன. தொடக்கத்தில் முன்னே இருந்தது வலக்கால் என்றால், வரிசை முடிவில் முன்னே போவது இடக்கால். 14 படங்களை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டினால் ஒவ்வோர் அடிக்கும் வலக்கால் இடக்காலாகத் தாவும். உருவத்தை முழுக் கறுப்பு நிழலாக நிரப்பினால் அந்தத் தாவல் தெரியாது. எலும்பை எலும்பாகவே காட்ட வேண்டும் என்றால் அதே 14 படங்களையும் இருமுறை எடுத்து, இரண்டாம் முறை அருகுக்காலையும் (பார்ப்பவர் பக்கமுள்ளது) அப்பால்காலையும் (மறுபக்கமுள்ளது) மாற்றி, 28 படங்களாக்க வேண்டும். அப்பால்காலுக்கு இளஞ்சாம்பல் நிறம் கொடுத்துவிடுங்கள். விநாடிக்கு 24 படம் என்ற வேகத்தில் 28 படங்கள் 1.17 விநாடி ஓடும், நிதானமான நடை. விநாடிக்கு 30 என்றால் 0.93 விநாடி, விறுவிறுப்பான நடை. 12 என்று வைத்தால் 2.3 விநாடி, நோயாளியின் நடைபோல் ஆகிவிடும்.

அட்டையில் சுழல்தட்டு செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் அளவு. 14 படத் தட்டில் படத்துக்குப் படம் கோணம் 25.71 பாகை. கோணமானியில் வசதிக்காக 25.5 என்று வைத்துக் குறித்துக்கொண்டே போனால் கடைசிப் படத்துக்கும் முதல் படத்துக்கும் நடுவே 3 பாகை கூடுதல் இடைவெளி விழும். அந்த இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் உருவம் துள்ளும். வட்டத்தை முதலில் இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் கவராயம் கொண்டு ஏழாகப் பிரித்தால் பிழை சேராது. பார்க்கும் பிளவு 3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் எலும்பின் விளிம்பு கலங்கும்.

இனி, ஏமாற்றும் இடம். வீசுகால் இடுப்பிலிருந்து தொங்கும் ஊசல், தசை உழைப்பு இல்லாமல் தன் எடையாலேயே முன்னே ஊசலாடுகிறது என்பது வேபர்களின் கொள்கை. 8 முதல் 14 வரை, பிறகு 1 முதல் 3 வரை உள்ள வீசுகால் நிலைகளுக்கு அடித்தளம் அதுதான். கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். 90 சென்டிமீட்டர் நீளமுள்ள விறைப்பான காலை, எடை தொடையில் கூடுதலாக இருப்பதையும் சேர்த்து ஊசலாகக் கொண்டால் ஒருபக்க வீச்சுக்கு ஏறத்தாழ 0.8 விநாடி ஆகும். இயல்பு நடையில் கால் காற்றில் இருக்கும் நேரமோ சுமார் 0.4 விநாடி. முழங்கால் மடங்கும்போது ஊசல் குட்டையாகி வேகம் கொஞ்சம் கூடும்; தரையை உதைத்த வேகமும் சேரும். எஞ்சியதைத் தசைதான் தர வேண்டும். இடுப்பை மடக்கும் தசைகள் செயலிழந்த நோயாளிகளால் காலை இப்படி வீச முடியவில்லை என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 19-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். நூற்றாண்டின் கடைசியில் லைப்சிக்கில் பிரவுனே, ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் எடுத்த அளவுகள் அதை உறுதிப்படுத்தின. வீச்சின் தொடக்கத்தில் இடுப்பு மடக்கும் தசைகள் காலை இழுத்து விடுகின்றன, முடிவில் தொடையின் பின்தசைகள் பிரேக் போடுகின்றன, நெடுகிலும் கீழ்க்காலின் முன்புறத் தசை பாதத்தைத் தூக்கிப் பிடிக்கிறது.

அதற்காக ஊசல் கொள்கையைக் குப்பையில் போட வேண்டியதில்லை. மோட்டாரே இல்லாத இரண்டு கால் எந்திரம் லேசான சரிவில் தானாக நடந்து இறங்கும் என்று பொறியாளர் டாட் மெக்கீர் 1990-இல் காட்டினார். நடையின் பெரும்பகுதி உடலின் எடையும் நீளமும் செய்யும் வேலை என்ற வேபர்களின் உள்ளுணர்வு வீண்போகவில்லை. தசைக்கு வேலையே இல்லை என்று சொன்னதுதான் அளவு மீறியது.

படத்தில் இதை எப்படிச் சோதிப்பது? 8 முதல் 14 வரையுள்ள ஒவ்வொரு நிலையிலும் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையிலுள்ள கோணத்தை அளந்து எழுதுங்கள். இயல்பு நடையில் வீச்சின் முற்பாதியில் முழங்கால் மடிப்பு சுமார் 60 பாகையைத் தொட்டு, குதிகால் படுவதற்குள் கிட்டத்தட்ட நேராகிவிடும். கால் ஊன்றியவுடன் மறுபடி 15 முதல் 20 பாகை மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும். பிறகு கால்விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கால் கடக்கும் கணத்தில் நிஜத்தில் அது 1 முதல் 2 சென்டிமீட்டர்தான். உங்கள் அளவுகள் இவற்றோடு எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் கணக்கு கண்ணை மீறியிருக்கிறது. அந்த நிலைகளைத் திருத்தாமல் அனிமேஷனுக்கோ பாடத்துக்கோ கொண்டுபோகாதீர்கள். கணுக்காலையும் விடாதீர்கள். பின்கால் தரையை விடும்போது பாதம் சுமார் 20 பாகை கீழ்நோக்கி வளைந்திருக்க வேண்டும்.

அதே நூலில் இடுப்பு மூட்டைப் பற்றிய புகழ்பெற்ற சோதனையும் இருக்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள தசைகளையும் உறையையும் வெட்டிய பிறகும் கால் கழன்று விழவில்லை. தொடை எலும்பு பொருந்தும் இடுப்பெலும்புக் கிண்ணத்தின் அடியில் துளையிட்டுக் காற்றை உள்ளே விட்டதும் தொடை எலும்பின் தலை வெளியே வந்துவிட்டது. காற்றின் அழுத்தம் மூட்டைப் பிடித்துவைக்கிறது என்ற முடிவு அதிலிருந்து வந்தது. காற்றை உறிஞ்சிய கலத்திலும் இதைச் செய்து பார்த்தார்கள். கிண்ண விளிம்பின் குருத்தெலும்பு வளையம் உறிஞ்சு முத்திரைபோல் வேலை செய்வதை இன்றைய எலும்பியலும் சொல்கிறது.

வேபர் பிளேட்டுகளை மட்டும் வைத்து எலும்பின் வடிவத்தைக் கற்கப் போகாதீர்கள். அதற்கு அல்பினஸ் வேண்டும். லைடனில் அவருக்காக ஓவியர் யான் வாண்டெலார் வரைந்த 40 பிளேட்டுகளின் துல்லியம் இன்றும் வியக்க வைக்கிறது. எலும்புக்கூட்டின் முன்னே கயிற்றுக் கட்டவலை ஒன்று, பத்தில் ஒரு பங்கு அளவுள்ள கட்டங்களோடு இன்னொரு வலை, ஓவியர் நின்றது 40 ரைன்லாந்து அடி, அதாவது ஏறத்தாழ 12.5 மீட்டர் தள்ளி. அவ்வளவு தொலைவில் நின்றால் அருகிலுள்ள பகுதி பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தெரியும் கோணல் மிகவும் குறைந்துவிடும். அதே உடல்வாகுள்ள மெலிந்த மனிதரை அதே நிலையில் நிற்கவைத்து எலும்புக்கூட்டின் நிலையைச் சரிபார்த்தார்கள். முழு உருவப் பிளேட்டுகளுக்கு எழுத்துக் குறிகளோடு தனிக் கோட்டுப்படம் இருப்பது பெரிய வசதி. முதன்மைப் படத்தில் ஓர் எழுத்துகூட இல்லாததால் டிரேஸ் எடுக்கும்போது எதையும் அழிக்க வேண்டியதில்லை. இரண்டு பிளேட்டுகளில் பின்னணியில் காண்டாமிருகம் நிற்கிறது. 1741-இல் ஹாலந்துக்கு வந்த கிளாரா என்ற அந்த விலங்கு பலருடைய கவனத்தை எலும்பிலிருந்து இழுத்துவிடுகிறது. குறை ஒன்று: அல்பினஸ் ‘குறையற்ற மனிதனை’ வரைய விரும்பினார், தன் மாதிரியின் குறைகளைத் திருத்தினார். எலும்புகளில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டை அங்கே தேட முடியாது.

ஆங்கில அறுவை மருத்துவர் செசெல்டனின் 1733 நூல் கேமரா ஆப்ஸ்குராவில், அதாவது எதிரிலுள்ளதன் பிம்பத்தை உள்ளே விழவைக்கும் இருட்டுப் பெட்டியில், வரையப்பட்டது. முகப்பிலேயே எலும்புக்கூட்டைத் தலைகீழாகத் தொங்கவிட்டு வரையும் காட்சி இருக்கிறது. கருவி பிம்பத்தைத் தலைகீழாக்குவதால் வரைபவருக்கு அது நேராகத் தெரியும். தனித்தனி எலும்புகளுக்கும் நோயுற்ற எலும்புகளுக்கும் நல்ல நூல், நடைக்கு உதவாது. வெசாலியஸின் மரக்கட்டை அச்சு, கோடு தடித்தது என்பதால் சிறிய அளவில் அச்சிட்டாலும் தெளிவாக வரும். ஆனால் மண்வெட்டியில் சாய்ந்த உருவத்தின் எடை முழுவதும் கால்களில் இறங்குவதில்லை. அதை நடைக்குத் தொடக்க நிலையாக வைக்காதீர்கள்.

நிற்கும் எலும்புக்கூடு எதுவானாலும் பக்கவாட்டுப் படத்தில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இடுப்பெலும்பின் முன்மேல் முனையிலிருந்து நேர்செங்குத்தாக ஒரு கோடு இறக்கினால், இயல்பாக நிற்பவருக்கு அது முன்புற இடுப்பிணைப்பை (இரு இடுப்பெலும்புகளும் முன்னே சேரும் இடத்தை) ஒட்டி விழும். கோடு இணைப்புக்கு வெகுவாக முன்னே விழுந்தால் இடுப்பு அளவுக்கு மீறி முன்சாய்ந்திருக்கிறது, பின்னே விழுந்தால் பின்சாய்ந்திருக்கிறது. கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட எலும்புக்கூட்டைப் பார்த்து வரைந்த படங்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும். முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் காய்ந்து சுருங்கிய முதுகெலும்புத் தண்டில் வளைவுகள் தட்டையாகிவிடும், இடுப்பும் அதோடு சுழன்றுவிடும். லியொனார்டோ 1510 வாக்கிலேயே தண்டின் வளைவையும் இடுப்பின் சாய்வையும் சரியாக வரைந்திருந்தார். அவர் வாழ்நாளில் அது அச்சேறாததால் அடுத்து வந்தவர்களுக்குப் பயன்படவில்லை.

தரவிறக்கும்போது கவனிக்க வேண்டியவை. வேபர் நூலின் ஸ்கேன்களில் 17 பிளேட்டுகளும் இருக்கின்றனவா என்று முதலில் எண்ணுங்கள். பழைய நூல்களை மொத்தமாக ஸ்கேன் செய்யும் இடங்களில் மடித்த தாள்களை விரிக்காமலேயே படம் எடுத்துவிடுவது வழக்கம். பாதி எலும்புக்கூடுதான் கிடைக்கும். தையலை ஒட்டிய பகுதி வளைந்திருந்தால் அங்குள்ள உருவங்கள் ஒல்லியாகிவிடும். ஒரே உருவத்தின் தொடை எலும்பு நீளத்தை வரிசையின் முதல் படத்திலும் கடைசிப் படத்திலும் அளந்து ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும். A3 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்திக்கு 3508 × 4961 பிக்சல் தேவை. டிரேஸ் எடுப்பதானால் அதைப்போல் இரு மடங்கு நல்லது. அச்சுப் புத்தகத்திலிருந்து மறுபடி ஸ்கேன் செய்த படங்களில் புள்ளிவலை சேர்ந்து அலைக்கோடுகள் வரும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இடம் வலம் புரண்ட பிரதிகளும் சுற்றுகின்றன. எலும்புக்கூடு சமச்சீரானது என்பதால் உருவத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. எண்களும் எழுத்துகளும் நேராகப் படிக்கக் கிடைக்கின்றனவா என்பதே சோதனை. வெசாலியஸ், அல்பினஸ், செசெல்டன் மூவருக்கும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் வரலாற்று உடற்கூறியல் தளம் நல்ல தொடக்கம். அங்கே இருப்பவை தேர்ந்தெடுத்த படங்கள் மட்டுமே, முழு நூல்கள் அல்ல. வெல்கம் கலெக்‌ஷனிலும் தேடிப் பாருங்கள்.

ஜெர்மன் தெரியாதவர்களுக்கு 1992-இல் ஷ்பிரிங்கர் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. மாக்கே, ஃபர்லாங் என்ற இருவரின் வேலை. நூலகத்தில் கிடைத்தால் ஊசல் பற்றிய பகுதியை அவசியம் படியுங்கள். எந்த அனுமானத்தில் எந்தப் படம் நிற்கிறது என்பது அதைப் படித்தால்தான் தெரியும். படத்துக்கு மட்டும் மூல நூலின் ஸ்கேனே போதும்.

நடை வரிசையில் கிடைப்பது பக்கவாட்டுத் தோற்றம். ஒவ்வோர் அடியிலும் இடுப்பு இடமும் வலமும் சுமார் 4 பாகை திரும்புவதும், ஊன்றாத பக்கம் 5 பாகை தாழ்வதும், உடல் ஊன்றுகாலின் பக்கம் சாய்வதும் பக்கவாட்டுப் படத்தில் தெரியாது. பக்க அசைவை 1680-களில் வெளிவந்த இத்தாலிய அறிஞர் பொரெல்லியின் நூலே எளிதாகக் காட்டியிருக்கிறது: ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கம்பங்களை நட்டு அவற்றை நோக்கி நடந்தால், இரண்டும் ஒரே கோட்டில் நிலைத்து நிற்காமல் இடமும் வலமும் விலகித் தெரியும். முன்புறத் தோற்றம் தேவைப்படுகிறவர்கள் பிரவுனே, ஃபிஷர் இருவரிடம்தான் போக வேண்டும். கறுப்பு உடை அணிந்த ஆளின் உறுப்புகளில் ஒளிரும் மின்குழாய்களைக் கட்டி, இரவில் பல கேமராக்களால் விநாடிக்கு 26 முறை பதிந்து, மூன்று திசைகளிலும் அளவெடுத்தார்கள். அந்த அட்டவணைகளிலிருந்து இடுப்பின் சாய்வையும் திருப்பத்தையும் எடுத்து வேபர் வரிசையின் 28 படங்களுக்கும் சேர்ப்பது பொறுமை கேட்கும் வேலை. 4-ஆம் நிலையிலிருந்து தொடங்குங்கள். குதிகால் படும் கணத்தில்தான் திருப்பம் உச்சத்தில் இருக்கும், பொருத்திப் பார்க்க எளிது.